மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மனச்சோர்வு மாத்திரையை விற்பவனும் நான்தான், சில வருடங்களாகச் சாப்பிடுகிறவனும் நான்தான். இது ஊரில் கொஞ்சம் பேருக்குத் தெரிந்ததிலிருந்து, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே எழுதி, தெரிந்ததைப் பதிலாகப் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு இப்போது இதைப் படிக்கிறீர்கள் என்றால், மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, காசு இல்லை, ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

"மனசு சரியில்லன்னு எல்லாருக்கும்தான் இருக்கு. இதுல நோயின்னு சொல்ல என்ன இருக்கு?"

வருத்தம் எல்லாருக்கும் வரும், போகும். பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டவர், பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விலை விழுந்த அன்று சாப்பிடாமல் படுப்பார், நாலு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். விலை ஏறினதும் ஆள் பழையபடி ஆகிவிடுவார். அதே மனிதர் விலை ஏறியும் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் கட்டிலிலேயே கிடக்கிறார், களியும் கீரையும் வைத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்றால் அது வேறு விஷயம்.

டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு: மனம் கனத்தே கிடக்கிறதா, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டதா. இதில் ஒன்றாவது இரண்டு வாரத்துக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதியும் இருந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் கெட்டு, 'எல்லாம் என்னால்தான்' என்றோ 'இருந்து என்ன ஆகப்போகுது' என்றோ ஓடிக்கொண்டிருந்தால் மனச்சோர்வு என்பார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

"எனக்கு அழுகையெல்லாம் வரல. தலைவலி, உடம்பு அசதி, நெஞ்சு படபடப்புதான். ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்றாங்க. இதுவுமா?"

இருக்கலாம். நம் பக்கத்தில் மனச்சோர்வு அதிகமாக இந்த வேஷத்தில்தான் வருகிறது, முக்கியமாகப் பெண்களுக்கு. கடையில் மாதக்கணக்கில் வலி மாத்திரையும் சத்து டானிக்கும் வாங்குகிறவர்களில் சிலரைப் பார்த்தாலே தெரியும், வலி வேறு எங்கேயோ இருக்கிறது. ஆண்களுக்கு இது எரிச்சலாகவும் கோபமாகவும் குடியாகவும் வெளியே வரும், 'முன்கோபக்காரன்' என்று பெயர் வைத்து விட்டுவிடுவோம்.

ஆனால் எடுத்த எடுப்பில் மனசு என்று முடிவுகட்டாதீர்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு இவையெல்லாம் இதே மாதிரி ஆளைச் சாய்க்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நல்ல டாக்டர் இரண்டையும் பார்ப்பார்.

"அவனுக்கு என்ன குறை? ஓசூர்ல கம்பெனி வேலை, சம்பளம், வீடு எல்லாம் இருக்கு. எதுக்கு இப்படி இருக்கான்?"

குறை இருந்தால்தான் வரும் என்று கணக்கு இல்லை. குடும்ப வழியில் வரலாம், சின்ன வயதில் பட்ட அடியிலிருந்து வரலாம், பிரசவத்துக்குப் பிறகு வரலாம், சர்க்கரை நோய் மாதிரி நீண்டகால நோயோடு ஒட்டிக்கொண்டு வரலாம், வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறித் தூக்கம் கெட்டும் வரலாம். பல நேரம் இரண்டு மூன்று சேர்ந்து வரும், சில நேரம் காரணமே பிடிபடாது. சர்க்கரை வந்தவரைப் பார்த்து 'உனக்கென்ன குறை' என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியை அவன் காதில் விழும்படி கேட்காமல் இருந்தாலே பாதி உதவி. அவனே தினமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

"காத்து கருப்பா இருக்குமோன்னு மந்திரிக்கச் சொல்றாங்க. கோயிலா, டாக்டரா?"

கோயிலுக்கும் போங்க, தர்காவுக்கும் போங்க, கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். மனசுக்கு ஆறுதல் கிடைத்தால் நல்லதுதான். இரண்டே நிபந்தனை: அதற்காக டாக்டரைத் தள்ளிப்போடக் கூடாது, ஓடுகிற மாத்திரையை நிறுத்தக் கூடாது. அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது என்று யாராவது ஆரம்பித்தால் அந்த நிமிடமே கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஏர்வாடி தர்கா பக்கம் இருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பிக்க முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் கட்டிப்போடச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

"நம்ம பக்கம் எங்க போறது? பெங்களூருக்குத்தான் போகணுமா?"

வேண்டியதில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிகள் சீட்டு போடும் இடத்தில் மனநலப் பிரிவு என்று கேளுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் போலுப்பள்ளியில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலும் உண்டு, அதன் டாக்டர் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வரும். அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் அங்கே என்றைக்கு வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். அரசு மருத்துவமனையில் மாத்திரைக்கும் காசு கிடையாது. மருந்துக்கடைக்காரனே சொல்கிறேன், அங்கேயே வாங்குங்கள்.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை கிட்டத்தில் இருப்பதால் நேராக அங்கே போகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் முதல் தடவைக்கே அவ்வளவு பெரிய இடம் தேவைப்படாது, காத்திருப்பு அதிகம். எங்கேயும் போகத் துணிவு வரவில்லை என்றால் 14416, இல்லையென்றால் தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பும் இருக்கிறது: 044-24640050. அங்கே உபதேசம் பண்ணமாட்டார்கள், சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

"அங்க போறத யாராவது பாத்துட்டா? பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல"

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. மாத்திரைப் பட்டையில் இருக்கிற பெயரைக் கத்தரித்துக் கொடுக்கச் சொல்வார்கள், பில்லில் வேறு பெயர் போடச் சொல்வார்கள், ஒரு அம்மா மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு கவரைக் கடையிலேயே விட்டுப் போவார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது, ஆனால் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாவைச் சட்டம் தடுக்காது. 'டாக்டரைப் பார்க்க வந்தேன்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கல்யாண விஷயத்தில் என் கருத்து, மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. மறைத்துவிட்டு, பிறகு மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு, அதற்கே பயந்து நிறுத்தி, மறுபடி விழுந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்பது வைத்தியம் இல்லை.

"இது தூக்க மாத்திரைதானே? பழகிட்டா விட முடியாதாமே?"

இரண்டு வகை இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்சிடின் இவைதான் மனச்சோர்வுக்கான மாத்திரைகள். இவை தூக்க மாத்திரை இல்லை, போதையும் கிடையாது, இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று கேட்க வைக்காது. அல்பிரசோலம், குளோனசெபாம் வகை வேறு, படபடப்புக்கும் தூக்கத்துக்கும் கொஞ்ச நாளைக்குச் சேர்த்துத் தருவார்கள். அதைச் சீட்டு இல்லாமல் தொடர்ந்தால் பழக்கமாகும். பழைய சீட்டைக் காட்டி அதை மட்டும் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுக் கோளாறு, தலைவலி, கொஞ்சம் பதற்றம் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். குணம் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம். நாலாம் நாளே 'வேலை செய்யல' என்று பட்டையைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் சாவு எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். திடீரென்று தூக்கமே வேண்டாம், பேச்சு நிற்கவில்லை, காசை வாரி இறைக்கிறார் என்றாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அது வேறு வகை நோயாக இருக்கலாம், மருந்தை மாற்ற வேண்டும்.

"நல்லாயிட்டேன். மாத்திரைய விட்டுட்டேன். சரிதானே?"

நீங்களாக விட்டிருந்தால் சரியில்லை. குணமான பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள், இரண்டு மூன்று தடவை வந்தவர்களுக்கு வருடக்கணக்கில். நான் இரண்டாவது வகை, அதனால் தொடர்கிறேன். பல் தேய்க்கிற மாதிரி அதுவும் காலையில் ஒரு வேலை. பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுரீர் என்று கரண்ட் அடித்த மாதிரி உணர்வு வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது, அல்லது லேசாக இருக்கும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் டாக்டருக்கு ஒரு போன்.

"மாத்திரை வேணாம், பேசியே சரி பண்ண முடியாதா? யோகா, வாக்கிங்?"

லேசான மனச்சோர்வுக்கு முடியும். முறையாகப் பயிற்சி பெற்றவரோடு பேசும் சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது, தினசரி நடையும் உதவுகிறது. கடுமையாக இருந்தால் மாத்திரையும் பேச்சும் சேர்ந்துதான். எழுந்து பல் தேய்க்கவே முடியாதவரிடம் 'வாக்கிங் போ' என்றால் அவருக்கு அதுவும் ஒரு தோல்வியாகிவிடும். வாசல் வரை வந்து பத்து நிமிடம் வெயிலில் உட்காருவது, மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, அந்த அளவில் ஆரம்பிக்க வேண்டும். மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் வராது, செய்யச் செய்யத்தான் கொஞ்சம் வரும். குடி மட்டும் ஆகவே ஆகாது, அன்றைக்கு மறக்க வைத்து மறுநாள் இன்னும் கீழே தள்ளும்.

"சாகப்போறேன் சாகப்போறேன்னு சொல்றவன் செய்யமாட்டான்ல?"

செய்திருக்கிறார்கள். இறந்தவர்களில் பலர் முன்னாடியே யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொன்னவர்கள்தான். 'நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி' என்பது, வண்டியையும் நகையையும் தூக்கிக் கொடுப்பது, காரணமில்லாமல் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது, பல நாள் தவித்தவர் ஒரு நாள் திடீரென்று அமைதியாகிவிடுவது, இவற்றையெல்லாம் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கோழைத்தனம், சீன் போடுகிறான் என்று பேசுகிறவர்களுக்கு: தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள், தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். இத்தனை பேரும் சீன் போட்டார்களா?

"'அந்த மாதிரி எண்ணம் வருதா'ன்னு நேரா கேட்டா, நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. இந்த மொத்தப் பக்கத்திலும் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் எண்ணத்தைச் சொல்ல வழி கிடைக்கிறது. என்னிடம் ஒருவர் கேட்டபோது எனக்கு வந்தது பயம் இல்லை, அப்பாடா என்றுதான் இருந்தது.

தனியாக இருக்கும்போது, டிவியை அணைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: 'கொஞ்ச நாளா நீ சரியில்ல. செத்துடலாம்னு தோணுதா?' ஆமாம் என்றால் அடுத்தது: 'எப்படின்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா, எப்பன்னு?' யோசித்து வைத்திருந்தால் ஆபத்து கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். 'பிள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா' என்று ஆரம்பிக்காதீர்கள், அதை அவர்கள் உங்களைவிட அதிகம் நினைத்திருப்பார்கள், நான் இல்லாவிட்டால் அதுகளுக்கு நல்லது என்றே அந்த நேரத்தில் தோன்றியிருக்கும். சத்தியம் வாங்குவதாலும் பிரயோஜனமில்லை. 'யார்கிட்டயும் சொல்லாத' என்று கேட்டால், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"ஆமான்னு சொல்லிட்டாங்க. இப்ப ராத்திரி, எங்க ஊட்டுக்குப் பஸ்ஸே இல்ல. காலையில வரைக்கும் என்ன பண்றது?"

தனியாக விடாதீர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் கூடவே இருங்கள், பேச வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாலே போதும். வீட்டிலிருக்கிற பூச்சி மருந்தையும் மாத்திரை டப்பாக்களையும் ஆபத்தான மற்றவற்றையும் அவருக்குத் தெரியாமல் வீட்டை விட்டே வெளியேற்றுங்கள், பக்கத்துக் கொட்டாயில் கொடுத்து வையுங்கள். சாராயம் வேண்டாம். 14416-க்கு நீங்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம், பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டிருந்தால், அல்லது சந்தேகமாக இருந்தால்கூட, கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் 108.

பொருளை அப்புறப்படுத்துவது சின்ன விஷயமாகத் தெரியும், 'நெனச்சவன் எப்படியும் செய்வான்' என்பார்கள். அப்படி இல்லை. அந்த உச்ச வேகம் பலருக்குச் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது, அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தால் ஆள் பிழைக்கிறார். இலங்கையில் 1990-களில் ஆரம்பித்துக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில், இருபது வருடத்தில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் ஒன்றும் விழவில்லை. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கமும், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் கொட்டாய்களில் அது அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும். வாங்கும்போதே அன்றைய தெளிப்புக்கு மட்டும் வாங்குங்கள், மிச்சமிருந்தால் பூட்டுங்கள், சாவி வீட்டில் வேண்டாம்.

"குழு லோன் கட்ட முடியல, வாசல்ல வந்து உக்காந்துக்கறாங்க. இதுக்கு மாத்திரை குடுத்தா கடன் தீருமா?"

தீராது. கடனுக்கு வழி கடன் பக்கத்திலும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, நுண்கடன் வசூலிப்பவர்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசும் 2025-ல் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. வாசலில் கத்துகிறவரைப் போனில் பதிவு செய்துகொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கோ கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளுக்கோ போகலாம், குழுவில் நாலு பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. மாத்திரை எதற்கு என்றால், அந்த மனுவை எழுதி எடுத்துப்போகத் தெம்பு வேண்டுமே, அதற்கு.

"பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு பையனை எப்படிப் பாத்துக்கறது?"

மார்க்கைப் பார்க்கும்போது கூட இருங்கள். சொந்தக்காரர்கள் போனை அன்றைக்கு எடுக்காதீர்கள், ஒப்பிட்டுப் பேச எங்கிருந்தோ ஒரு அத்தை வருவார். பெயிலானால் துணைத்தேர்வு அடுத்த ஓரிரு மாதத்தில் வந்துவிடும், வருடம் வீணாகாது என்பதை ரிசல்ட்டுக்கு முந்தின நாளே பேச்சோடு பேச்சாகச் சொல்லி வையுங்கள். 104-ல் மாணவர்களுக்கு ஆலோசனை உண்டு. மற்றபடி ராத்திரியைப் பற்றி மேலே சொன்னது எல்லாம் இங்கேயும் பொருந்தும்.

"முயற்சி பண்ணிப் பொழைச்சிட்டாரு. போலீஸ் கேஸ் ஆகுமா?"

ஆஸ்பத்திரியில் விவரம் பதிந்து போலீசுக்குத் தகவல் போகும், வந்து கேட்பார்கள். அதற்குப் பயந்து 'தவறி நடந்துடுச்சி' என்று டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள், என்ன, எவ்வளவு என்று தெரிந்தால்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும். மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் புதிய சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் குற்றம்.

வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் அதிக கவனம் தேவைப்படும் காலம். மனநல டாக்டரிடம் தேதி வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். 'ஏன் இப்படிப் பண்ணின' என்று விசாரிக்க ஊரே வரும், கதவைச் சாத்திவிடுங்கள். ஒருமுறை செய்தவன் எப்படியும் செய்துவிடுவான் என்பதும் பொய், பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு அப்படிச் சாவதில்லை.

"அவரைப் பாத்துப் பாத்து எனக்கே பைத்தியம் புடிக்குது"

ஒரே ஆள் தாங்கினால் அப்படித்தான் ஆகும். நாத்தனார், தம்பி, பக்கத்து வீடு என்று இரண்டு பேரிடமாவது விஷயத்தை உடைத்துச் சொல்லி, வாரத்தில் ஒரு நாளாவது பொறுப்பை மாற்றிவிடுங்கள். உங்களுக்கும் இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் போயிருந்தால் முதல் பதிலுக்குத் திரும்பிப் போய்ப் படியுங்கள், அடுத்த சீட்டு உங்கள் பெயருக்கு.

"தம்பி திருப்பூர்ல இருக்கான். நடுராத்திரி 'எல்லாருக்கும் நன்றி'ன்னு ஸ்டேட்டஸ் போட்டிருக்கான். இங்க இருந்து நான் என்ன பண்ண முடியும்?"

'என்னாச்சுடா' என்று மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், கூப்பிடுங்கள், எடுக்கும் வரை கூப்பிடுங்கள். எடுத்தால் மேலே சொன்ன மாதிரி நேராகவே கேளுங்கள், லைனை வெட்டாமல் பேச்சில் வைத்துக்கொண்டே இன்னொரு போனில் அறையில் கூட இருப்பவனையோ கம்பெனி சூப்பர்வைசரையோ எழுப்புங்கள். எடுக்கவே இல்லை, ரூம் நண்பர்களும் கிடைக்கவில்லை என்றால் 112 அவசர எண்ணுக்கு அடித்து அவன் தங்கியிருக்கும் விலாசத்தைச் சொல்லுங்கள். வெளியூரில் வேலை செய்கிற பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் ரூம் விலாசமும் கூட இருப்பவர் இரண்டு பேர் நம்பரும் எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.